நாற்பத்தொரு செவ்வாய்க்கிழமைகள்

அவரை எல்லோரும் கேப்டன் என்றுதான் கூப்பிட்டார்கள். ஓர் ஆள் உட்கார்ந்தாலே நிறைந்துவிடுகிற கயாக் படகுக்குக் கேப்டன் எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. அவருக்கும் அந்தப் பெயர் பிடித்திருந்தது. ஐம்பத்தாறு வயதிலும் தோள்கள் இரண்டும் பலகைபோல் விரிந்திருக்கும். வெயிலில் கறுத்த முகத்தில் கண்ணாடி மறைத்த இடம் மட்டும் வெளுத்துத் தெரியும்.

சுற்றுலா வருகிறவர்களைக் கயாக்கில் ஏற்றி, கரையோரமாகவே கூட்டிக்கொண்டு போய், பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்து விடுவது அவர் வேலை. இருபத்திரண்டு வருடமாக அதே நிறுவனம், அதே கொட்டகை. வருகிறவர்களை மூன்று குழுவாகப் பிரிப்பார். முதல் தடவை வருகிறவர்களுக்குக் கையில் மஞ்சள் பட்டை. அவர்கள் அலையில்லாத உள்வளைவைச் சுற்றிவிட்டு வருவார்கள். கொஞ்சம் பழகியவர்களுக்குப் பச்சை. அவர்கள் இரண்டாவது முனைவரை போகலாம். நீலப் பட்டைக்காரர்கள் மட்டும்தான் முனையைத் தாண்டி வளைவுப் பாறைக்குப் போவார்கள். செங்குத்தாக இறங்கும் சிவந்த பாறைச்சுவர் ஓரிடத்தில் கடலுக்குள் கால் நீட்டி, நடுவில் ஓட்டை விழுந்து, வாசல்போல் நிற்கும் இடம் அது. தண்ணீர் அங்கே பச்சைக் கண்ணாடியாக இருக்கும். அடியில் கிடக்கும் கல்லை எண்ணலாம்.

யார் எந்தக் குழு என்பதை ஆட்கள் காரைவிட்டு இறங்கி நடந்து வருகிற தினுசிலேயே கண்டுபிடித்துவிடுவார். பதிவுத் தாளை அவர் நம்புவதே இல்லை. "நீச்சல் தெரியுமா?" என்ற கேள்விக்கு ஆண்கள் எல்லோரும் தெரியும் என்று எழுதுவார்கள், பெண்கள் சுமாராகத் தெரியும் என்பார்கள். தண்ணீரில் இறங்கினால் கதை தலைகீழாக இருக்கும். தண்ணீருக்கு வந்த ஆளை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தால் போதும், எனக்கு எல்லாம் தெரிந்துவிடும் என்று சக வழிகாட்டிகளிடம் பெருமையாகச் சொல்வார். அதில் பொய்யும் இல்லை.

அந்தப் பதிவுத் தாள்களை வாங்கி அடுக்குவது அவர் மனைவி. கொட்டகைக்குள் மர மேசை ஒன்று போட்டு உட்கார்ந்திருப்பாள். வந்தவர்களின் அளவுக்கு ஏற்ற லைஃப் ஜாக்கெட்டை எடுத்துக் கொடுப்பாள். மாலையில் அத்தனை ஜாக்கெட்டையும் நல்ல தண்ணீரில் அலசி வரிசையாகத் தொங்கவிடுவாள், அறுந்த பட்டையைத் தைப்பாள், உடைந்த கொக்கியை மாற்றுவாள். ரப்பர் செருப்புகளின் நாற்றத்தை இருபது வருடமாக மூக்கில் வாங்கிக்கொண்டிருந்தவளும் அவள்தான். படகில் மட்டும் ஏறியதில்லை. ஏறியது ஒரே ஒரு தடவை.

அந்த ஒரு தடவைதான் கேப்டனுக்குச் சோறு போட்டது என்று சொல்ல வேண்டும். தினமும் காலையில், படகில் ஏற்றுவதற்கு முன்னால், மஞ்சள் பட்டைக்காரர்களை மணலில் அரைவட்டமாக நிற்க வைப்பார். துடுப்பை எப்படிப் பிடிப்பது, முழங்காலை எங்கே முட்டுக் கொடுப்பது, கவிழ்ந்தால் என்ன செய்வது என்று ஒவ்வொன்றாகச் சொல்வார். கவிழ்வது என்ற சொல் வந்ததும் நாலைந்து முகம் வெளிறும். அப்போது எடுத்துவிடுவார் அந்தக் கதையை.

"கொட்டகையில உங்களுக்கு ஜாக்கெட் குடுத்தாங்களே, அவங்க எங்க வீட்டம்மா. முத நாள் படகுல ஏத்தினேன். தண்ணி எவ்வளவு? முழங்கால் அளவு. கவுந்துட்டாங்க. எழுந்து நின்னா முடிஞ்சுது விஷயம். நிக்கணுமே! என் கழுத்தைக் கட்டிக்கிட்டு, 'நான் செத்துட்டேன், நான் செத்துட்டேன்'னு ஒரே கத்தல். செத்தவங்க இவ்வளவு சத்தம் போட்டு நான் பார்த்ததே இல்லை. அவங்களவிட மோசமா உங்களால செய்யவே முடியாது. வாங்க, ஏறலாம்."

கூட்டம் குலுங்கிச் சிரிக்கும். வெளிறிய முகங்களில் ரத்தம் ஏறும். நடுங்கிக்கொண்டிருந்தவர்கள் கால் வைத்து ஏறுவார்கள். இருபது வருடத்தில் மணலோடு திரும்பிப் போனவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். முதலாளி மாதம் ஒருமுறை வரும்போது, கேப்டன் பேச்சுக்கே தனியாகச் சம்பளம் தரணும் என்பார். கொட்டகையின் பலகைச் சுவர் மெல்லியது. உள்ளே இருந்தவளுக்கு ஒரு சொல் விடாமல் கேட்டிருக்கும். அதைப் பற்றி அவர் ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை. அவளும் சிரித்துக்கொண்டே இருப்பாள் என்றுதான் எண்ணியிருந்தார்.

செவ்வாய்க்கிழமை நிறுவனத்துக்கு விடுமுறை. அன்று கேப்டன் பத்து மணிவரை தூங்குவார், பிறகு ஓட்டை விழுந்த படகுகளுக்கு ஒட்டுப் போட உட்கார்ந்துவிடுவார். அவள் பஸ் ஏறி, வளைகுடாவின் எதிர்க்கரையில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்குப் போய்வருவதாகச் சொல்வாள். அது அவருடைய சொந்தத் தங்கை வீடு. இரண்டு பெண்களும் ஒட்டிப் பழகுகிறார்களே என்று அவருக்குச் சந்தோஷம்கூட. சில நாள் தலை ஈரமாக வருவாள். அங்கேயே குளித்துவிட்டேன் என்பாள். ஒருநாள் காபி டம்ளரை நீட்டியபோது, கட்டைவிரலின் அடிப்பக்கத்தில் கொப்புளம் ஒன்று உடைந்து சிவந்திருந்ததைப் பார்த்தார். என்ன இது என்று கேட்டார். ஜாக்கெட்டைப் பிழிந்து பிழிந்து வந்தது என்றாள். சரி, எண்ணெய் போடு என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாளைப் புரட்டினார்.

துடுப்பைப் புதிதாகப் பிடிப்பவர்களுக்குச் சரியாக அந்த இடத்தில்தான் கொப்புளம் வரும். அதை நாள் தவறாமல் யாருக்காவது காட்டிக்கொண்டிருந்தவர் அவரே.

மூன்று வருடம் போயிற்று. பிறகு ஒரு காலையில் அவள் படுக்கையைவிட்டு எழுந்ததும், வீடு சுற்றுகிறது என்று சொல்லித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். வாந்தி நிற்கவில்லை. இடது காதில் இரைச்சல் என்றாள். உள்காதில் கோளாறு என்றார் டாக்டர். உயரமான இடத்துக்குப் போகக்கூடாது, தனியாகச் சாலையைக் கடக்கக்கூடாது, தண்ணீர்ப் பக்கமே போகக்கூடாது. தண்ணீர் என்றதும் கேப்டன் சிரித்துவிட்டு, அந்த வம்பே இல்லை டாக்டர், இவளுக்கும் தண்ணிக்கும் ஆகாது என்று சொல்லிவைத்தார். அவள் சுவரில் மாட்டியிருந்த காதின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொட்டகை வேலையை அத்தோடு விட்டாள்.

அடுத்த வருடம், அந்தக் கடற்கரையில் தொழில் செய்யும் வழிகாட்டிகளை எல்லாம் துறைமுக அலுவலகத்தில் கூட்டி வைத்துப் பாதுகாப்புக் கூட்டம் நடத்தினார்கள். மேலேயிருந்து வந்த அதிகாரி காற்றைப் பற்றியும் அலையைப் பற்றியும் இரண்டு மணி நேரம் பேசி, காற்றையும் அலையையும் பார்த்தே வளர்ந்தவர்களைத் தூங்க வைத்தார். இடைவேளையில் டீ கொடுத்தார்கள். எதிர்க்கரையில் நான்கே படகு வைத்து நடத்துகிற பெண்மணி கேப்டன் பக்கத்தில் வந்து நின்றார். முன்பு பள்ளிக்கூடத்தில் நீச்சல் சொல்லிக் கொடுத்தவர். அதனால் டீச்சர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. தொழிலில் போட்டிதான், ஆனால் மனத்தாங்கல் இல்லை.

டீச்சர் தன் செல்போனில் ஒரு படத்தை எடுத்துக் காட்டினார். வளைவுப் பாறைக்கு அடியில் ஒரு சிவப்புக் கயாக். பின்னாலிருந்து எடுத்தது. ஒரு பெண் துடுப்பைப் போட்டுக்கொண்டிருந்தாள். முகம் தெரியவில்லை. கேப்டனின் தொழில் கண் உடனே விழித்துக்கொண்டது.

"யார் இது, உங்க ஆளா? நல்ல கை. கையால இழுக்கல பாருங்க, இடுப்புல இருந்து திரும்பறாங்க. முதுகு எப்படி நேரா இருக்கு! இது சொல்லிக் குடுத்து வர்றதில்ல."

டீச்சர் சிரித்தார். "என்னண்ணா, விளையாடறீங்களா? வீட்டு அக்காவையே அடையாளம் தெரியாத மாதிரி கேக்கறீங்க."

கேப்டன் கையில் இருந்த டீ சட்டையில் தளும்பியது. நல்லவேளையாக டீச்சர் அதிகாரியைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே பேசினார். நாற்பத்தொரு தடவை அக்கா வந்ததாகவும், ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் குறித்து வைத்திருப்பதாகவும் சொன்னார். முதல் பத்து தடவை படகிலேயே ஏற்றவில்லையாம், நீச்சல்தானாம். பயம் போகும்வரை வெறும் தண்ணீரில் நின்றார்களாம். கடைசித் தடவை வளைவுப் பாறை. மறுநாளே உங்களிடம் சொல்லப்போவதாகக் குதித்துக்கொண்டு போனார்கள், அப்புறம் காது இப்படி ஆகிவிட்டதே, எனக்குத்தான் மனசே ஆறவில்லை என்றார்.

ஆமாம், ஆமாம் என்று கேப்டன் தலையாட்டினார். தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. தன் பெண்டாட்டி மூன்று வருடம் கடலில் இருந்ததை ஊரெல்லாம் அறிந்திருக்க, தான் அறியவில்லை என்று எப்படிச் சொல்வது? அந்தப் படத்தைத் தனக்கு அனுப்பி வைக்கச் சொல்லிக் கேட்டார். அதைக் கேட்கும்போது குரல் கொஞ்சம் கம்மியது. டீச்சர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டு, கவலைப்படாதீங்க அண்ணா, சரியாகிடும் என்று தேற்றினார்.

முதல் நாள் கோபம் வந்தது. சொந்தத் தங்கையும் சேர்ந்து மறைத்தாளே என்று போனை எடுத்தார், வைத்தார். இரண்டாவது நாள் கோபம் வடிந்து, வேறு ஏதோ வந்து உட்கார்ந்தது. போனை எடுத்து அந்த முதுகைப் பார்ப்பார். ஆயிரக்கணக்கான முதுகுகளைப் பார்த்துத் திருத்திய கண்ணுக்கு, இருபத்தெட்டு வருடம் பக்கத்தில் படுத்த முதுகு தெரியவில்லை.

மூன்றாம் நாள் மாலை அவள் கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். டீச்சரைப் பார்த்தேன் என்றார். அவள் கை ஒரு நொடி நின்றது, பிறகு மறுபடி மடித்தது.

"சொல்லிட்டாங்களா?"

"ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"சொல்லத்தான் வந்தேன். அந்த சீசன் முடியறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி, பாறைக்குப் போன மறுநாள், புதன்கிழமை காலையில. ஜாக்கெட் போட்டுக்கிட்டு மணல்ல வந்து நின்னேன். நீங்களும் பார்த்தீங்க. என்னன்னு நினைச்சீங்க?"

அவருக்கு நன்றாக நினைவிருந்தது. மஞ்சள் பட்டைக்காரர்கள் பதினைந்து பேர். பேச்சு பாதியில் இருந்தபோது அவள் கொட்டகையிலிருந்து வந்து அரைவட்டத்தின் ஓரத்தில் நின்றாள். உடம்பில் ஆரஞ்சு ஜாக்கெட், கொக்கியெல்லாம் போட்டு இறுக்கியிருந்தது. தைத்த பட்டை சரியாக இருக்கிறதா என்று போட்டுப் பார்க்கிறாள் என்று அவர் நினைத்தார். அப்படி நினைத்ததோடு விட்டிருக்கலாம். கதையின் ஆளே நேரில் வந்து நின்றது அவருக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. அவளைக் கைநீட்டிக் காட்டி, இதோ வந்துட்டாங்க, முழங்கால் தண்ணியில முழுகினவங்க இவங்கதான், ஜாக்கெட் போட்டிருக்கறத பாருங்க, மணல்லகூட பயம் என்று புதிதாக ஒரு வரி சேர்த்தார். அன்று விழுந்ததுபோல் சிரிப்பு அதற்கு முன் விழுந்ததில்லை. அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கொக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டு உள்ளே போனாள்.

"பட்டை தைச்சிருக்கியான்னு..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை.

"ஆமா. அப்படித்தான் இருக்கும்னு நானும் நினைச்சேன்" என்றாள்.

அப்புறமாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்டார். அவள் ஒரு சட்டையை விரித்து, காலரை நீவி, மடித்து வைத்துவிட்டுப் பதில் சொன்னாள். குரலில் கோபம் இல்லை.

"சொல்லியிருந்தா அதையும் ஒரு கதையா ஆக்கியிருப்பீங்க. முழங்கால் தண்ணியில முழுகினவ வளைவுப் பாறைக்குப் போயிட்டா, கேளுங்கன்னு. எல்லாரும் கை தட்டியிருப்பாங்க. எனக்கு அதுவும் வேண்டியிருக்கல."

அதற்குப் பிறகும் டீச்சரிடம் போனாயா என்று மெதுவாகக் கேட்டார். போகவில்லை என்றாள். அந்தப் புதன்கிழமைக்கு அப்புறம் பஸ் ஏறவே மனசு வரவில்லையாம். வீட்டில் வேலை என்று டீச்சரிடம் சொல்லிவிட்டாளாம். அடுத்த சீசனுக்குள் காது போயிற்று.

முதலில் வீட்டு வேலை, பிறகு காது, அதனால்தான் நின்றாள் என்று டீச்சர் நினைத்துக்கொண்டிருக்கிறார். அப்படியில்லை என்பது இப்போது கேப்டனுக்குத் தெரியும். அந்த சீசன் முடிய இரண்டு மாதம் இருந்தது. எட்டு செவ்வாய்க்கிழமை. நல்ல உடம்போடு, நல்ல கையோடு, அவள் கடலில் இருந்திருக்க வேண்டிய எட்டு நாள். அதை எடுத்துக்கொண்டது நோயல்ல.

ராத்திரிச் சாப்பாடு ஆறிப்போய்க் கிடந்தது. ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்று அவருக்குத் தவிப்பு. காற்றே இல்லாத நாளாகப் பார்த்து உள்வளைவில் இரட்டைப் படகில் போகலாம், நீ முன்னால் உட்கார்ந்தால் போதும், நான் பின்னாலிருந்து பார்த்துக்கொள்கிறேன், டாக்டரிடம் நானே பேசுகிறேன் என்றார்.

"முன்னாடி சும்மா உட்கார்ந்து வர்றதுக்கு நான் அங்க போகலைங்க."

"சரி, அந்தப் பாறைக்கு அடியில போனப்போ உனக்கு எப்படி இருந்துது? அதையாவது சொல்லு."

அவள் யோசித்தாள். சொல்லிவிடுவாள் போலத்தான் இருந்தது. பிறகு மடித்த துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு, "அது என்கிட்டயே இருக்கட்டும்" என்றாள்.

அன்றைக்குப் படுத்தபிறகுதான் அவருக்கு அந்த முதல் நாள் சரியாக நினைவுக்கு வந்தது. இருபது வருடமாகச் சொல்லிச் சொல்லி, நடந்தது எது, கட்டியது எது என்று அவருக்கே குழம்பிப்போயிருந்தது. அவள் கழுத்தைக் கட்டிக்கொள்ளவில்லை. மணிக்கட்டைப் பிடித்தாள். மூன்றாவது வருடமோ நாலாவது வருடமோ, சிரிப்புக் குறைந்த ஒரு காலையில் மணிக்கட்டு கழுத்தாகிவிட்டது. கத்தவும் இல்லை. செத்தேன் என்று ஒரே ஒரு தடவை, மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள். கவிழ்ந்ததும் அவள் தப்பில்லை. பின்னால் நின்று படகின் வாலைப் பிடித்துக்கொண்டிருந்தவர் அவர். விட மாட்டேன் என்று சொல்லியிருந்தார். கரையில் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட, திரும்பிப் பேசப் போய் கையை விட்டுவிட்டார். இதை மட்டும் ஒரு காலையிலும் அவர் யாருக்கும் சொன்னதில்லை.

மறுநாள் மணலில் பன்னிரண்டு பேர் நின்றார்கள். துடுப்பு, முழங்கால் எல்லாம் சொல்லி, கவிழ்ந்தால் என்ன செய்வது என்ற இடத்துக்கு வந்தார். வழக்கம்போல முகங்கள் வெளிறின. கேப்டன் நின்றுவிட்டார். நாக்கு நுனியில் கதை தயாராக நின்றது. இருபது வருடப் பழக்கம் லேசில் போகுமா? வேறு கதை சொல்லலாமா, அவள் போய்வந்ததைச் சொன்னால் இவர்களுக்குத் தைரியம் வருமே என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அந்தக் கணமே உடம்பு கூசியது.

பயமா இருக்கறவங்க தயங்காம சொல்லுங்க, உங்க கூடவே தண்ணியில நிக்கறேன், எவ்வளவு நேரமானாலும் சரி என்று மட்டும் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் முழங்கால் தண்ணீரில் அரை மணி நேரம் நின்றுவிட்டு, இன்றைக்கு வேண்டாம் என்று திரும்பிப் போனாள். பின்னால் காத்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். மாதக் கடைசியில் முதலாளி வந்தபோது, பேச்சு என்ன சுரத்தில்லாமல் போய்விட்டது, வயசாகிறதா என்று கேட்டார். கேப்டன் ஆமாம் என்றார். திரும்பிப் போன அந்தப் பெண்ணும் இன்னொரு நாள் வருவாள் என்று எதிர்பார்த்தார். வரவில்லை.

செவ்வாய்க்கிழமைகளில் இப்போது அவர் படகுகளுக்கு ஒட்டுப் போடுவதில்லை. உள்காதுக்குப் பயிற்சி என்று ஆஸ்பத்திரியில் ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். ஒரு காலின் குதிகாலை மறு காலின் விரலோடு ஒட்டி வைத்து, பார்வையை நேராக நிறுத்தி, பத்து அடி நடக்க வேண்டும். அவர் கடலுக்குப் போனபிறகு வீட்டு நடையில் அவள் தனியாக அதைச் செய்துகொண்டிருந்திருக்கிறாள். தாளை அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டி வைத்திருந்ததே அவருக்கு இப்போதுதான் தெரிந்தது.

நான் பிடித்துக்கொள்கிறேன் என்று முதல் நாளே கையை நீட்டினார்.

"பிடிக்க வேணாம். பக்கத்துல நில்லுங்க, போதும்" என்றாள்.

அரையடி தள்ளி, அவள் நடக்க நடக்கக் கூடவே நகர்ந்தார். ஏழாவது அடியில் அவள் உடல் ஆடியது. அவர் கை தானாக முன்னே போயிற்று. அதற்குள் அவளே சுவரைத் தொட்டு நின்றுகொண்டாள். கண்ணை மூடி ஒரு மூச்சு விட்டாள். பிறகு நடையின் அந்தக் கோடிக்குத் திரும்பிப் போய், முதல் அடியிலிருந்து ஆரம்பித்தாள்.